‘ரெண்டு குதிரை போகும்’ என்றால் எத்தனை கிலோ?

கேள்வி: இங்கிலாந்தில் கென்ட் பக்கம் இருக்கிறோம். மகளிடம் 15.2 கை (தோள் வரை சுமார் 157 செ.மீ.) உயரக் குதிரை ஒன்று, காப் என்ற கட்டுமஸ்தான வகை, 550 கிலோ. அதையும் அவள் தோழியின் 500 கிலோ குதிரையையும் போட்டிகளுக்குக் கூட்டிப்போக ஒரு ஹார்ஸ்பாக்ஸ் (குதிரை ஏற்றும் வண்டி) பார்த்திருக்கிறோம். 2014 மாடல் ரெனோ மாஸ்டர் வேனை மாற்றிக் கட்டியது, பாரத்தோடு மொத்த எடை வரம்பு 3.5 டன், விலை 18,000 பவுண்டு. ‘ரெண்டு குதிரை தாராளமாகப் போகும்’ என்கிறார் விற்பவர். நான் கார் லைசென்ஸ் எடுத்தது 2004இல். வாங்கலாமா?

பதில்: இரண்டு குதிரை நிற்க இடம் இருக்கும். எடைக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பெயின்டையும் சீட் கவரையும் பார்க்கும் முன் எடைமேடைச் சீட்டைக் கேளுங்கள்.

உங்கள் லைசென்ஸுக்கு வண்டி, குதிரை, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து உச்ச வரம்பு 3,500 கிலோ. 1997 ஜனவரி 1க்கு முன் கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்களுக்குப் பொதுவாக 7.5 டன் வரை அனுமதி உண்டு. உங்களுக்கு அது இல்லை. இனி கணக்கு. டேங்க் நிறைய டீசல், நீங்களும் மகளும் உட்கார்ந்து, சேணம், கடிவாளம், வைக்கோல் வலை, தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றி நிறுத்தினால் வண்டி 2,600 கிலோ காட்டுகிறது என்று வையுங்கள். மீதி 900. உங்கள் இரண்டு குதிரைகள் 1,050. அவ்வளவுதான், முடிந்தது. மகளின் குதிரை மட்டும் என்றால் தாராளம்.

விற்பவர் காட்டும் சீட்டு பெரும்பாலும் காலி டேங்க், ஆளில்லாத வண்டிக்கு எடுத்ததாக இருக்கும். 80 லிட்டர் டீசலே கிட்டத்தட்ட 67 கிலோ. அதனால் உங்கள் கண் முன்னால் புதிதாக எடை போடுங்கள். ‘எடைமேடைக்குப் போகலாமா?’ என்றதும் முகம் மாறுகிற ஆளிடம் வாங்க வேண்டாம். மொத்த எடையோடு முன் அச்சு, பின் அச்சு எடைகளையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கி, வண்டியில் ஒட்டியிருக்கும் தயாரிப்பாளர் தகட்டோடு ஒப்பிடுங்கள். மொத்தம் சரியாக இருந்து ஓர் அச்சு மட்டும் மீறினாலும் குற்றம்தான். சாலைச் சோதனையில் சிக்கினால் மீறலின் அளவைப் பொறுத்து அபராதம் 100 முதல் 300 பவுண்டு. ரொம்ப அதிகமென்றால் கோர்ட். அதைவிடத் தொல்லை, கூடுதல் பாரத்தை இறக்காமல் வண்டியை நகர்த்த விடமாட்டார்கள். உங்கள் விஷயத்தில் அந்தப் பாரம் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்க வேண்டிய ஒரு குதிரை!

எடை சரியென்றால் அடுத்தது தரை. ரப்பர் மேட்டைத் தூக்கச் சொல்லுங்கள். ‘ஒட்டிவிட்டோம், தூக்க முடியாது’ என்று சொன்னால் ஓரத்தையாவது நெம்பிப் பாருங்கள். குதிரை மூத்திரம் மரத்தையும் அலுமினியத்தையும் சத்தமில்லாமல் தின்னும். ஆண் குதிரை நிற்கும் இடத்தின் நடுவிலும் பெண் குதிரை பின்னங்கால் பக்கமும் ஈரம் இறங்கும், ஆகவே இரண்டு இடத்தையும் பாருங்கள். பலகை என்றால் ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். கேக்கில் குத்தினதுபோல் இறங்கினால் பேச்சை நிறுத்திவிடலாம். அலுமினியம் என்றால் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போய்க் குறுக்குச் சட்டங்களைப் பாருங்கள். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

இந்த வகை வேன்களில் குதிரை பெரும்பாலும் பின்பக்கம் பார்த்து நிற்கும். பிரேக் போட்டால் அதன் பின்பாகம் முழு எடையோடு உங்கள் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்பில் மோதும். உதைப்பதும் அதைத்தான். அந்தத் தடுப்பு எதனால் ஆனது, சேஸியோடு எப்படிப் பிணைத்திருக்கிறது என்று கேளுங்கள். வெறும் பிளைவுட் போதாது. மாற்றிக் கட்டியவரின் பெயரும் பில்லும் இல்லாத வண்டியை நான் தொடமாட்டேன்.

குதிரையின் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே இருக்கும் நெஞ்சுக் கம்பியை வெளியிலிருந்து கழற்ற முடிய வேண்டும். பயந்துபோன குதிரை முன்னங்காலைக் கம்பிக்கு மேல் போட்டுத் தொங்கினால் உள்ளே போய்க் கழற்றுவது உயிருக்கு ஆபத்து. சும்மா கழற்றிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பெரிய ஆளைக் கம்பிமேல் சாயச் சொல்லி, பாரம் இருக்கும்போதே கழற்றிப் பாருங்கள். ஏறுபலகையை உங்கள் மகள் தனியாளாக இறக்கி ஏற்றட்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் 1716 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 17ஆம் வாரம் செய்தது. ஹார்ஸ்பாக்ஸ் அதிகம் ஓடாது, டயர் தேயாமலே கிழடாகிவிடும்.

எம்ஓடி (வருடாந்திர வண்டிச் சோதனை) வரலாற்றை அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். ‘துரு’ என்ற குறிப்பு வருடா வருடம் வருகிறதா என்று தேடுங்கள். கடன் நிலுவைச் சோதனைக்குச் சில பவுண்டுகள் செலவானால் ஆகட்டும். இன்னொன்று, 2014 டீசல் வேன் பெரும்பாலும் யூரோ 5 என்ற பழைய புகைத் தரம்தான். அப்படிப்பட்ட வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் லண்டன் யூலெஸ் எல்லைக்குள் போகும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு, 2023 ஆகஸ்ட் 29 முதல் அந்த எல்லை எல்லா லண்டன் பரோக்களுக்கும் (உள்ளாட்சிப் பகுதிகளுக்கும்) விரிந்துவிட்டது. போட்டி மைதானங்கள் அந்தப் பக்கமென்றால் அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.

தோழியின் குதிரையும் கட்டாயம் வர வேண்டுமென்றால் இந்த வண்டியை விட்டுவிடுங்கள். 7.5 டன் வண்டிக்கு நீங்கள் சி1 என்ற கூடுதல் வகை லைசென்ஸ் எடுக்கலாம், அல்லது தோழி வீட்டார் தனி வண்டியில் வரலாம். மகளின் குதிரைக்கு மட்டும் போதுமென்றால், முன்பணம் எதுவும் கொடுக்காமல், எடைமேடையில் நிறுத்தச் சொல்லி நாள் கேளுங்கள்.