கருப்பையை எடுத்துவிட்டால் கோபம் தணியுமா?

கேள்வி: எனக்கு வயது 47. ஓராண்டாக மாதவிடாய் தாறுமாறாக வருகிறது. நள்ளிரவில் உடம்பெல்லாம் வியர்த்து விழித்துக்கொண்டால் பிறகு தூக்கமே இல்லை. பிளஸ் டூ படிக்கும் மகளிடம் அற்பக் காரணங்களுக்கெல்லாம் எரிந்து விழுகிறேன். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறேன். 'எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லை' என்கிறார் மாமியார். கருப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எடுத்துவிடலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: கோபத்துக்காகக் கருப்பையை எடுக்க வேண்டாம், எடுத்தாலும் அது தணியாது. உங்களை இப்போது அலைக்கழிக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரப்பது சினைப்பைகளில்தானே தவிர, கருப்பையில் அன்று. அறுவை சிகிச்சையில் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறைய வேண்டிய ஹார்மோன் ஒரேயடியாக அற்றுப்போய், வியர்வையும் தூக்கமின்மையும் மனச்சோர்வும் இன்னும் கடுமையாகக்கூடும். கட்டிக்காகவோ கட்டுக்கடங்காத இரத்தப்போக்குக்காகவோ மருத்துவர் பரிந்துரைப்பது வேறு.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால்தான் அது நின்றுவிட்டதாக மருத்துவம் கணக்கில் கொள்கிறது. நீங்கள் இருப்பது அதற்கு முந்தைய கட்டம். ஈஸ்ட்ரோஜன் சீராகக் குறையாமல் ஏறியும் இறங்கியும் ஆட்டம் காட்டுவதால், மனம் அதிகம் தடுமாறுவதும் பெரும்பாலும் இந்த ஆண்டுகளில்தான். உங்கள் மாமியார் காலத்திலும் இது இருந்தது. 'அவளுக்கு முன்கோபம்' என்று சொல்லி வீடு அதைக் கடந்திருக்கும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது கோபம் அன்று, தூக்கம். இரவு வியர்வையால் மாதக்கணக்கில் உறக்கம் கெட்டவர் யாராயினும் பகலில் எரிந்துதான் விழுவார். ஆகவே வியர்வைக்கு மருத்துவம் பார்த்தாலே மனமும் ஓரளவு அமைதியடைய வாய்ப்புண்டு. முதலில் தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அவற்றின் குறைபாடும் இதே சோர்வையும் எரிச்சலையும் தரும். பிறகு மகளிர் நல மருத்துவரிடம் ஹார்மோன் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். 60 வயதுக்குள் தொடங்கும் பெரும்பாலான பெண்களுக்கு அதன் நன்மை தீமையைவிட அதிகம். மார்பகப் புற்றுநோயோ இரத்த உறைவோ வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; அப்படிப்பட்டவர்களுக்கு வேறு மாத்திரைகள் உண்டு, மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகள் திடீரென உடலில் பரவும் வெப்ப உணர்வையும் குறைக்கின்றன.

அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக நாள்தோறும் நீடித்து, எதிலும் நாட்டமில்லாமல் போனால், அதை 'வயசுக் கோளாறு' என்று தள்ளிப்போடாதீர்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பின் ஒருமுறை அவ்வாறு அவதிப்பட்டவர்களுக்கு இந்த வயதில் மீண்டும் வரும் வாய்ப்பு கூடுதல். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திராமல் உடனே உதவி கேளுங்கள். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.