வாசகர் கேள்வி – பதில்: த்ராஷ் மெற்றலின் கணக்கும் கற்பனையும்

கேள்வி: மெற்றாலிக்கா என்ற த்ராஷ் மெற்றல் குழுவின் 'மாஸ்டர் ஒஃப் பப்பற்ஸ்' பாட்டு எனக்கு மனப்பாடம். அதற்கும் அப்பால் 'டெக்னிகல் த்ராஷ்', 'புரோகிரசிவ் த்ராஷ்' என்று நண்பர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது என்ன? கேட்பவர்கள் ஏன் அதிலேயே ஊறிப்போகிறார்கள்?
— பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, உங்களுக்கு மனப்பாடமான அந்த 1986ஆம் ஆண்டுப் பாட்டிலேயே விடையின் ஒரு பகுதி இருக்கிறது. பாடகர் அடிகளைப் பாடும்போது பின்னால் ஓடுகின்ற கிற்றார் ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் குறுகிய சுரத்தொடரை, விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். நாலு நாலாக மூன்று சுற்றுகள் ஒழுங்காகப் போகும். நாலாவது சுற்று நிறைவதற்கு முன்பே அடுத்தது தொடங்கிவிடும். கால் தட்டிக்கொண்டு கேட்பவரின் கால் அந்த இடத்தில் தடுமாறும். பாட்டு நம்மை முன்னோக்கித் தள்ளுவதுபோன்ற உணர்வு அந்தக் குறைவிலிருந்துதான் வருகிறது.

மெற்றாலிக்கா ஆங்காங்கே செய்ததை முழுநேர வேலையாகவே எடுத்துக்கொண்டவர்கள்தான் நீங்கள் கேட்கும் குழுவினர். த்ராஷ் என்பது பிரித்தானிய ஹெவி மெற்றலின் கிற்றார் நுட்பமும் ஹார்ட்கோர் பங்க் என்ற முரட்டு ரொக் இசையின் வேகமும் சேர்ந்து 1980களின் தொடக்கத்தில் உருவான இசை. சில ஆண்டுகளுக்குள்ளேயே வேகம் அதன் எல்லையைத் தொட்டுவிட்டது. இனி எங்கே போவது என்ற கேள்வி எழுந்தபோது, வேகத்தை விட்டுக்கொடுக்காமல் பாட்டின் கட்டமைப்பைச் சிக்கலாக்கும் வழியைச் சிலர் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்காவின் ரெக்ஸாஸ் மாநிலத்து வோட்ச்ரவர் குழு 1985இலேயே முதல் அல்பத்தை வெளியிட்டு, 1989இல் 'கொன்ட்ரோல் அன்ட் ரெசிஸ்டன்ஸ்' மூலம் அந்த வழியின் உச்சிக்கே போனது. அதில் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிற்றார் மற்றக் கிற்றாரின் நிழலாக இருப்பதில்லை. தனக்கென ஒரு பாதையில் ஓடிக்கொண்டிருக்கும். சுவிற்சர்லாந்தின் சூரிச்சிலிருந்து கொரோனர், கனடாவின் கியூபெக்கிலிருந்து வொய்வொட், ஜேர்மனியிலிருந்து மேகோங் டெல்ரா என்று வெவ்வேறு நாடுகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் இந்தத் தேடல் நடந்தது.

ஏன் ஊறிப்போகிறார்கள் என்பதற்கு என் விடை இதுதான்: இந்த இசை முதற்கேட்பில் தன்னைத் தருவதில்லை. ஒரே பாட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு ரிஃப்கள் வந்துபோகும்போது, முதல்முறை கேட்பவருக்கு இரைச்சல்தான் மிஞ்சும். நாலைந்து முறை கேட்டபின், மூன்றாம் நிமிடத்தில் வந்தது முதலாம் நிமிடத்தில் வந்ததன் உருமாற்றம் என்று சட்டென்று பிடிபடும். அந்தக் கணத்தில் கிடைக்கும் மகிழ்ச்சி, எளிதில் வசப்படும் பாட்டில் கிடைப்பதே இல்லை. கேட்பவரின் நினைவாற்றலை மதித்து, அதை நம்பி எழுதப்பட்ட இசை இது.

ஆனால் ரிஃப்களை அடுக்கினால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். டார்க் ஏஞ்சல் குழுவின் 1991ஆம் ஆண்டு அல்பமான 'டைம் டஸ் நொட் ஹீல்' 246 ரிஃப்களைக் கொண்டது என்றே விளம்பரப்படுத்தப்பட்டது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன்; ஆயினும் மூன்றே பேரைக் கொண்ட கொரோனர் 1991இல் 'மென்டல் வோட்டெக்ஸ்' அல்பத்தில், ஒரு ரிஃப் மனதில் பதியும்வரை அதை ஓடவிட்டு, பிறகு ஒரேயொரு சுரத்தை மாற்றும்போது உண்டாகும் அதிர்வு எனக்கு அதைவிடப் பெரியது. 1993இன் 'கிறின்' அல்பத்தில் அவர்கள் வேகத்தையே வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். எதையும் வாசிக்கக்கூடிய கை, எதை வாசிக்காமல் விடுவது என்று தீர்மானிப்பதை அங்கே தெளிவாகக் கேட்கலாம்.

கேள்வி: நான் மிருதங்கம் பயில்கிறேன். இந்த இசையில் ஐந்தும் ஏழுமாக வரும் கணக்குகள் நம்முடைய கண்ட சாபு, மிஸ்ர சாபு போன்ற தாளங்கள்தானா?
— வாசகி, இணுவில்

பதில்: எண்ணிக்கை ஒன்றாக இருக்கலாம், வேலை செய்யும் விதம் வேறு. தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் ஊரில் இருந்து கேட்கிறீர்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தாள வாத்தியம் மட்டும் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் தாளம் அசையாமல் நிற்கும். ஆதி தாளத்தின் எட்டு எட்டாகவே இருக்க, வாசிப்பவர் அதற்குள் ஐந்தையும் ஏழையும் பொருத்தி, கோர்வை என்ற நிறைவுச் சொற்கட்டை மும்முறை வைத்துச் சரியான இடத்தில் வந்து சேருவார். கையில் தாளம் போடும் சபைக்கும் அந்தச் சேர்விடம் முன்கூட்டியே தெரியும். எதிர்பார்ப்பு நிறைவேறுவதுதான் அங்கே இன்பம். டெக்னிகல் த்ராஷிலோ பெரும்பாலும் சுற்றின் நீளமே மாறிவிடுகிறது. ஏழில் ஒரு வரி, அடுத்து எட்டில் ஒன்று, பிறகு ஐந்தில் ஒன்று என்று, கேட்பவருக்கு முன்னறிவிப்பு எதுவுமின்றி நிலமே நகர்கிறது. சேர்விடம் எது என்பதைப் பாட்டைப் பலமுறை கேட்டுத்தான் நாம் கண்டுகொள்ள வேண்டும். லயப் பயிற்சியுள்ள உங்களுக்கு மற்றவர்களைவிட விரைவில் அது பிடிபடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: என் மகன் இரவும் பகலும் இந்தக் கத்தலைத்தான் கேட்கிறான். இது பிள்ளைகளின் மனதைக் கெடுக்காதா?
— ஒரு தாய், சுன்னாகம்

பதில்: அம்மா, குரல் கடுமையானதுதான், சொல்லப்படும் பொருளைப் பாருங்கள். மேலே நான் குறிப்பிட்ட 'மாஸ்டர் ஒஃப் பப்பற்ஸ்' போதைப்பொருள் ஒரு மனிதனைப் பொம்மையாக ஆட்டிவைப்பதைப் பற்றியது. அதே குழு 1988இல் வெளியிட்ட 'வன்' என்ற பாட்டு, போரில் கை, கால், கண், செவி அனைத்தையும் இழந்து உயிர் மட்டும் எஞ்சிய ஒரு படைவீரனின் மனக்குரல். இயந்திரத் துப்பாக்கியை ஒத்த அடிகள் அதில் வருகின்றன. அந்த ஒலியை நேரில் கேட்டு வளர்ந்த நம் தலைமுறைக்கு அதைக் கேட்பது எளிதாக இருக்காது. அதை அறியாமல் வளர்ந்த உங்கள் மகனோடு அமர்ந்து ஒருமுறை கேட்டால், இருவருக்கும் பேச நிறைய இருக்கும்.

கேள்வி: எந்த வரிசையில் கேட்கத் தொடங்கலாம்?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: மெகாடெத் குழுவின் 'ரஸ்ட் இன் பீஸ்' (1990) அல்பம் முதலில். சிக்கலும் இனிமையும் அதில் கைகோத்து நிற்கின்றன. அடுத்து கொரோனர். அதன்பின் வொய்வொட்டின் 'நத்திங்ஃபேஸ்' (1989). அங்கே வேகத்தைத் தேடாதீர்கள், மறைந்த கிற்றார் கலைஞர் டெனி டமூர் கட்டிய விநோதமான கோர்ட்களை, அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டுகளை, கவனியுங்கள். வழக்கமான மெற்றலில் கேட்காத ஒருவகை விண்வெளிக் குளிர் அவற்றில் இருக்கிறது. வோட்ச்ரவரைக் கடைசிக்கு முதல் வையுங்கள். முதலிலேயே எடுத்தால் ஓடிவிடுவீர்கள். இந்த மரபு 1990களோடு முடிந்துவிடவில்லை என்பதற்குச் சான்றாக, அரிசோனாவில் உருவான வெக்ரர் குழு 2016இல் வெளியிட்ட 'டேர்மினல் ரீடக்ஸ்' அல்பத்தை இறுதியாகக் கேளுங்கள். எழுபது நிமிடங்களுக்கு மேல் நீளும் ஒரே கதை அது. நிறைவுப் பாட்டு மட்டும் பதின்மூன்று நிமிடங்களைத் தாண்டுகிறது. கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டாம். பேஸ் கிற்றார் அதில் அறவே காணாமற்போய்விடும். நல்ல ஹெட்போன் ஒன்று அவசியம்.