பழைய பாப் குழுக்களின் புதுப் பாட்டுகள் ஏன் சிங்கிள்ஸ் பட்டியலில் மேலே வருவதில்லை?

சிங்கிள்ஸ் பட்டியல் என்பது ஒரு வாரத்தில் எந்தத் தனிப்பாடல் எவ்வளவு போனது என்ற கணக்கு. பிரிட்டனில் 2014 ஜூலை வரை விற்பனையை மட்டும்தான் எண்ணினார்கள். அப்புறம் ஸ்ட்ரீமிங்கும், அதாவது இணையத்தில் நேரடியாக ஓடவிட்டுக் கேட்பதும் சேர்ந்தது. ஆரம்பத்தில் 100 முறை கேட்டால் ஒரு விற்பனைக்குச் சமம்.

மாதம் ஒரு அரிசி மூட்டை வாங்குபவரையும் தினம் நாலு டீ குடிப்பவரையும் நினைத்துப் பாருங்கள். பழைய கணக்கு மூட்டையை எண்ணியது. புதியது டீ டம்ளரையும் எண்ணுகிறது. டேக் தட் என்ற பிரிட்டிஷ் பாப் குழுவின் நெடுநாள் ரசிகர் சிடியை வெளிவந்த அன்றே வாங்கிவிடுவார். வீட்டில் ஐம்பது தடவை போட்டுக் கேட்டாலும் கணக்கில் ஒன்றுதான். போனில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் கல்லூரி மாணவரோ வாராவாரம் கணக்கில் ஏறுகிறார்.

ரேடியோவும் ஒரு காரணம். பிபிசி ரேடியோ 1 இளைஞர்களுக்கானது. மூத்த குழுக்களின் பாட்டு பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள் கேட்கும் ரேடியோ 2 பக்கம் போய்விடுகிறது. அதனால் ஸ்ட்ரீமிங்கில் அதிகம் கேட்கும் வயதினரின் காதில் அது விழுவதே இல்லை.

டேக் தட் 2014 கடைசியில் சிங்கிள்ஸில் முதலிடம் பிடித்தது. அதற்குப் பிறகு அந்த இடம் கிடைக்கவில்லை. ஆனால் 2023இல் அவர்களுடைய ஆல்பம், ஆல்பங்களுக்கான தனிப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது! ரசிகர்கள் எங்கும் போய்விடவில்லை, எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

ரேடியோவில் ஒலிப்பதும் பட்டியலில் எண்ணப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் எண்ணுவார்கள், பிரிட்டனில் கிடையாது.