கேப்டனை உட்கார வைக்கலாமா? கும்பகோணம் பயிற்சியாளருக்கு

வணக்கம் சார். உங்கள் கால்பந்து அணியில் கேப்டனும் அவனே, கோல் அடிப்பவனும் அவனே. மூன்று நாள் பயிற்சிக்கு வரவில்லை, அதைக் கேட்ட ஜூனியரை எல்லோர் முன்னாலும் அறைந்துவிட்டான். வெள்ளிக்கிழமை அரையிறுதி, "இந்த ஒரு மேட்ச் மட்டும் ஆடட்டும்" என்கிறார் கல்லூரி முதல்வர். சரி, என் பதில்: உட்கார வையுங்கள்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் நானும் இதே இடத்தில் நின்றேன். அன்று கேப்டனை ஆட இறக்கிவிட்டேன், ஜெயித்தோம். அடுத்த திங்கள் காலை ஐந்தரைக்கு மைதானத்தில் ஆறு பேர்தான். தினமும் நீடாமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வரும் பையன், பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டான்: "நான் லேட்டா வந்தா மட்டும் ஏன் சார் பத்து ரவுண்டு?" என்னிடம் பதில் இல்லை. இன்றும் அது உறுத்துகிறது.

முதல்வரிடம் ஆட்ட விதிகளின் 3ஆம் விதியைக் காட்டுங்கள். கேப்டனுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது, அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்புத்தான் உண்டு. அதே கை ஆட்டத்தில் நீண்டால் சிவப்பு அட்டை. மீதி நேரம் பத்துப் பேரோடு ஆட வேண்டும்.

ஆனால் முதலில் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். குறுவை அறுவடை நேரத்தில் நம் பையன்கள் பலர் ராத்திரி முழுக்கக் களத்தில் கிடப்பார்கள். வராததற்கு அது காரணமாக இருந்தால் மன்னிக்கலாம். அறைந்ததற்கு மன்னிப்பு அந்த ஜூனியரிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் எல்லோர் முன்னாலும். அணியை விட்டு நீக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை பெஞ்சில் உங்கள் பக்கத்திலேயே உட்காரட்டும். முடிவை வியாழனுக்குள் பையன்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.