நாயைக் கனூவில் ஏற்றிக்கொண்டு காட்டு ஏரிகளுக்குப் போகலாமா?

கேள்வி இதுதான்: சாலையே இல்லாத ஏரிக்காட்டில் நான்கைந்து நாள் கனூ எனும் ஒடுக்கமான துடுப்புப் படகை வலித்து, இரவில் கூடாரம் போட்டுத் தங்கும் பயணம். வீட்டு நாயையும் கூட்டிப்போக ஆசை. லேப்ரடார் கலப்பு, நன்றாக நீந்தும். போகலாமா, என்னென்ன வாங்க வேண்டும்?

போகலாம். நான் என் நாய் மணியோடு போகிறவன், அவன் இல்லாத பயணம் எனக்குப் பாதிப் பயணம்தான். ஆனால் வாங்க வேண்டிய பொருள்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று. நன்றாக நீந்தும் என்பதை நான் பெரிய தகுதியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கனூவில் நாய்க்கு வேண்டிய முதல் திறமை சும்மா படுத்திருப்பது. இரண்டு மணி நேரம் படகின் அடியில் படுத்துக் கிடக்குமா? பத்தடி தூரத்தில் ஒரு வாத்து சடசடவென்று எழும்பினால், பாயாமல் உங்கள் முகத்தைப் பார்க்குமா? இந்த இரண்டுக்கும் பதில் ‘ஆமாம்’ என்றால் மற்றதெல்லாம் ஏற்பாடுதான். இல்லையென்றால் எவ்வளவு விலை உயர்ந்த லைஃப் ஜாக்கெட் போட்டாலும் பயன் இல்லை.

காரணம் எளிது. இரண்டு பேர் வலிக்கும் கனூ பொதுவாக 16, 17 அடி நீளம். அகலம் மூன்றடிதான். அதில் முப்பது கிலோ நாய் எழுந்து நின்று ஒரு பக்க விளிம்பில் முன்கால்களை வைத்தால், எடை மேலேயும் போகிறது, ஓரத்துக்கும் போகிறது. அந்த நேரத்தில் குறுக்கே ஒரு அலை அடித்தால் போதும். நீந்தத் தெரிந்த நாய் தண்ணீருக்குப் பயப்படாது. அதனால் குதிக்கவும் தயங்காது. நீந்தத் தெரியாத நாயை விட அதற்குத்தான் அதிகப் பயிற்சி வேண்டியிருக்கும்.

பயிற்சியைத் தரையில் தொடங்குங்கள். கனூவைப் புல்வெளியில் ஆடாதபடி முட்டுக்கொடுத்து வையுங்கள். உள்ளே ஒரு ஃபோம் பாயை விரித்து, ‘ஏறு’, ‘படு’, ‘இறங்கு’ என்ற மூன்று சொற்களைப் பழக்குங்கள். அதே பாயை வீட்டிலும் நாயின் இடமாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பாய் எங்கே இருக்கிறதோ அங்கே படுப்பது பழகிவிடும், பிறகு அதைத் தூக்கிப் படகில் போடுவதுதான் பாக்கி. நீர் ஊறாத, மூடிய துளை கொண்ட ஃபோம் பாயாக இருக்கட்டும். ஈரமான கனூவின் அடிப்பகுதியில் நகம் வழுக்கும், வழுக்குகிற நாய் பயத்தில் எழுந்து நிற்கும். ஏரித் தண்ணீரின் குளிர் அடித்தகடு வழியாக ஏறுவதையும் பாய் தடுக்கும்.

அதற்குப் பிறகு முழங்கால் ஆழத் தண்ணீர், அப்புறம் காற்று இல்லாத காலையில் கரையோரமாகக் கொஞ்ச தூரம். இதில் ‘இறங்கு’ என்ற சொல்லுக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். கனூ கவிழக்கூடிய மோசமான தருணங்களில் ஒன்று கரை சேரும் நொடி. கரையைக் கண்ட மகிழ்ச்சியில் நாய் தாவும். அதே நேரத்தில் முன்னால் இருப்பவர் ஒரு காலைப் பாறையிலும் ஒரு காலைப் படகிலும் வைத்திருப்பார். முன்னால் இருப்பவர் இறங்கிப் படகைப் பிடித்துக்கொள்ளும் வரை நாய் அசையக்கூடாது என்பது எங்கள் வீட்டில் மாற்ற முடியாத விதி.

உட்காரும் இடம் நடுப்பகுதி, முடிந்தவரை பின்னால் வலிப்பவருக்கு முன்னால். அங்கே இருந்தால் ‘படு’ என்று மெதுவாகச் சொன்னாலே கேட்கும், கையை நீட்டினால் எட்டும். மூட்டைகளை இரண்டு பக்கமும் அடுக்கி நாய்க்கு ஒரு தொட்டில் போலச் செய்துவிடலாம். நாயை ஒருபோதும் படகோடு கட்டாதீர்கள். கவிழ்ந்தால் அது படகுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். தண்ணீரில் இருக்கும்போது கயிற்றைக் கழற்றி, கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மிதப்பதற்கு என்பதை விட, முதுகில் இருக்கும் கைப்பிடிக்காகச் சொல்கிறேன். தண்ணீரில் விழுந்த நாய் தானாக ஏற முயன்றால் விளிம்பைப் பிடித்து இழுக்கும். ஒருவர் எதிர்ப்பக்கம் சாய்ந்து படகைச் சமன் செய்ய, மற்றவர் கைப்பிடியைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்க வேண்டும். பெரிய நாயாக இருந்தால் அதற்கும் முயல வேண்டாம், கைப்பிடியைப் பிடித்தபடி கரைக்குக் கூட்டிப் போங்கள். பனி உருகிய வசந்த கால ஏரிகளில் தண்ணீரின் குளிர் நாயையும் மனிதரையும் சீக்கிரம் முடக்கிவிடும் என்பதால், இதை ஆழமில்லாத இடத்தில் பழகிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

இனி நிலம். ஒரு ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையே படகையும் மூட்டைகளையும் தோளில் தூக்கி நடக்கும் காட்டுப்பாதையைப் போர்ட்டேஜ் என்பார்கள். கனூவைத் தலைகீழாகத் தோளில் சுமப்பவருக்கு முன்னால் சில அடி மட்டுமே தெரியும். அவர் இடுப்பில் நாயின் கயிற்றைக் கட்டுவது ஆபத்து. ஒரு அணிலைப் பார்த்து நாய் பக்கவாட்டில் இழுத்தால் அவர் படகோடு விழுவார். நாய் எப்போதும் மூட்டை சுமப்பவரிடம் இருக்கட்டும். கயிறு இல்லாமல் விடுவதை அனுபவசாலிகள் சிலர் செய்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எதிரே வருபவர் நாய்க்குப் பயப்படுபவராக இருக்கலாம், தலையில் படகோடு இருப்பவரால் ஒதுங்கவும் முடியாது. விதிகளும் அப்படித்தான். கனடாவின் அல்கோன்குவின் போன்ற ஒன்டாரியோ மாகாணப் பூங்காக்களில் நாய் 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் மினசோட்டாவின் பவுண்டரி வாட்டர்ஸ் பகுதியிலும் போர்ட்டேஜ்களில் கயிறு வேண்டும். நாயின் மலத்தைத் தண்ணீரிலிருந்து நன்றாகத் தள்ளிப் புதைக்க வேண்டும். அல்கோன்குவினின் உட்பகுதி ஏரிகளுக்கு டின்களும் பாட்டில்களும் கொண்டுபோகக் கூடாது என்பதால் டின் நாய் உணவும் அங்கே கிடையாது. உலர் உணவை நாளுக்கு ஒரு பையாகப் பிரித்துக் கட்டுங்கள். வீட்டில் தின்னும் அதே உணவு, கொஞ்சம் கூடுதல் அளவு. நீந்தி, நடந்து, குளிர் இரவில் தூங்கும் நாய்க்குப் பசி அதிகம். புது உணவைப் பயணத்தில் தொடங்கினால் கூடாரத்துக்குள் வயிற்றுப்போக்குதான் மிஞ்சும்.

கயிற்றை நான் இவ்வளவு வலியுறுத்த இன்னொரு காரணம் காட்டு விலங்குகள். ஓடிப்போய்க் கருங்கரடியைச் சீண்டும் நாய், கரடி திரும்பினால் நேராக உங்களிடம்தான் ஓடி வரும், கரடியையும் பின்னால் கூட்டிக்கொண்டு. மூஸ் எனும் பெரிய மானுக்கு நாய் என்றால் ஓநாய். கன்றோடு இருக்கும் தாய் மூஸ் விலகாது, மிதிக்க வரும். முள்ளம்பன்றியை நாய் வாயால் கவ்வினால் முகம் முழுக்க முள். அந்த முட்களின் நுனியில் நுண்ணிய கொக்கிகள் உண்டு, தசைக்குள் மேலும் மேலும் நகரும். முள்ளை வெட்டினால் காற்று வெளியேறி எளிதாக வரும் என்று சொல்வது தவறு. வெட்டினால் பிடிக்க இடம் இல்லாமல் போகும், உடைந்து உள்ளேயே தங்கும். ஓரிரண்டு என்றால் குறட்டால் தோலுக்கு அருகே பிடித்து நேராக இழுக்கலாம். வாய்க்குள்ளோ கண்ணருகிலோ என்றால், பயணத்தை அங்கேயே முடித்து மருத்துவரிடம் போக வேண்டும், மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்கள். ஸ்கங்க் எனும் சிறு விலங்கு தன் நாற்றத் திரவத்தைப் பீய்ச்சினால் பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இல்லை, நாற்றம்தான். 3% ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு லிட்டர், சமையல் சோடா கால் கோப்பை, பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு தேக்கரண்டி. அப்போதே கலந்து, கண்ணில் படாமல் தேய்த்துக் கழுவுங்கள். மிச்சத்தை மூடி வைத்தால் புட்டி வெடிக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள்தான் எனக்கு அதிகக் கவலை. நீலப்பச்சைப் பாசி படர்ந்த தண்ணீரைக் குடித்த நாய் சில மணி நேரத்துக்குள் இறந்துபோகலாம். பச்சைப் பெயின்ட் கொட்டியது போலவோ பட்டாணிக் கஞ்சி போலவோ தண்ணீர் தெரிந்தால் நாயை இறக்கவே கூடாது, மேலே பட்டால் அது நக்கிக்கொள்ளும் முன் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாதது. சுத்தமான ஏரியிலும் மணிக்கணக்காகக் குச்சி எறிந்து எடுத்துவரச் சொன்னால், ஒவ்வொரு முறையும் வாய் நிறையத் தண்ணீர் விழுங்கி, இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வாந்தி, வயிறு உப்பல், தள்ளாட்டம், கடைசியில் வலிப்பு. குச்சி விளையாட்டைப் பத்து நிமிடத்தில் நிறுத்தி, கரையில் ஓய்வு கொடுங்கள். ஒரு நாள் முழுக்க நீந்திய நாயின் வால் மறுநாள் காலையில் உடைந்தது போலத் தொங்கலாம். பார்த்தால் பதறும், ஆனால் குளிர்ந்த நீரில் வால் தசை அயர்ந்ததால் வருவது அது, பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும்.

உண்ணிக்கு மருத்துவர் தரும் மருந்தைப் பயணத்துக்கு முன்பே கொடுத்துவிட்டு, தினமும் மாலையில் காது மடல், அக்குள், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். லைம் நோய்க் கிருமி பரவ உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால் அன்றாடச் சோதனைக்குப் பலன் உண்டு. மனிதர் பூசும் டீட் கொசு மருந்து நாய்க்கு நஞ்சு, அது உடம்பை நக்கும் என்பதை மறக்கக் கூடாது. லெப்டோஸ்பைரோசிஸ் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். விலங்குகளின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் பரவும் நோய் அது.

முகாமில் இறங்கியதும் நாயை விடுவதற்கு முன் நான் அடுப்படியையும் கரையையும் ஒரு சுற்றுப் பார்ப்பேன். யாரோ விட்டுப்போன தூண்டில் முள்ளும் மீன் எலும்பும் அங்கேதான் கிடக்கும். நம் தூண்டிலையும் இரை மாட்டியபடி சாய்த்து வைக்கக் கூடாது. முள்ளை விழுங்கித் தூண்டில் இழை வாயில் தொங்கினால் இழுக்காதீர்கள், அப்படியே மருத்துவரிடம் போங்கள். நடைப் பயணத்துக்கு நாம் எடுத்துப்போகும் கலவைத் தீனியில் உலர்திராட்சையும் சாக்லேட்டும் இருக்கும், இரண்டும் நாய்க்கு நஞ்சு. சைலிடால் எனும் இனிப்பூட்டி சேர்த்த சூயிங் கம்மும், இப்யூப்ரோஃபென் வலி மாத்திரையும் அப்படியே. நாயின் உணவும், கிண்ணமும், சிந்திய ஒரு பிடியும்கூட இரவில் நம் உணவு மூட்டையோடு மரத்தில் தொங்க வேண்டும். நாய் கூடாரத்துக்குள் உங்களோடு தூங்கட்டும், வெளியே கட்டிப்போடுவது அதற்கும் கொடுமை, உங்களுக்கும் தூக்கமில்லை.

யாரைக் கூட்டிப்போகக் கூடாது? இடிக்கு நடுங்கும் நாயை. ஏரிகளில் புயல் சட்டென்று வரும், பயந்த நாய் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினால் கண்டுபிடிப்பது மிகக் கடினம். மூட்டு வலி உள்ள முதிய நாய், குட்டி, வெயிலில் மூச்சுத் திணறும் சப்பை மூக்கு நாய், இவர்களை வீட்டில் விட்டுப்போவதும் அன்புதான். கனூவில் நிழல் கிடையாது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு கேள்வியை உங்களிடமே கேட்டுப் பாருங்கள்: உங்கள் நாய்க்குக் கால் வெட்டுப்பட்டு நடக்க முடியாமல் போனால், வழியில் இருக்கும் மிக நீளமான போர்ட்டேஜில் அதைச் சுமக்க முடியுமா? முடியாது என்றால் வழியை மாற்றுங்கள். மருந்துப் பெட்டியில் ஒட்டும் கட்டுத்துணி, குறடு, உண்ணி எடுக்கும் சாமணம், பாதக் காலணி, வாயைக் கட்ட ஒரு துணிப்பட்டை இருக்கட்டும். வலியில் இருக்கும் நாய் யாரையும் கடிக்கும், உங்களையும்தான். கைப்பேசி எட்டாத இடத்துக்குச் செயற்கைக்கோள் தொடர்புக் கருவியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கைந்து நாள் பயணத்தை அடுத்த கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. இந்த ஆண்டு ஒரே ஒரு இரவு, வண்டி நிறுத்திய இடத்திலிருந்து ஒரு போர்ட்டேஜ் தூரத்தில் தங்குங்கள். நாய் சரியாகச் சாப்பிடுகிறதா, இரவில் சத்தம் கேட்டால் குரைக்காமல் படுத்திருக்கிறதா, மறுநாள் காலையில் ‘ஏறு’ என்றதும் தானாகப் படகில் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறத் தயங்கினால் இன்னும் பழக்கம் தேவை. தாவி ஏறிப் பாயில் படுத்துக்கொண்டால் நீண்ட பயணத்துக்கு முன்பதிவு செய்யலாம்.