சிஸ்டர்கள் நடத்தும் இல்லத்தில் சேர அம்மா வீட்டை விற்க வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மாத ஓய்வூதியம் 34,000 ரூபாய். வங்கி வைப்பில் 18 லட்சம் இருக்கிறது. அப்பா உயில் எழுதாமலே இறந்துவிட்டார். தூத்துக்குடியில் உள்ள வீடு அவர் பெயரில்தான் இன்னும் இருக்கிறது. வாடகைக்கு விட்டால் 9,000 வரும். நான் கோவையில், தம்பி மஸ்கட்டில். முழங்கால் வலியோடு அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. கத்தோலிக்க சிஸ்டர்கள் நடத்தும் கட்டண முதியோர் இல்லத்தில் சேர அவரே ஆசைப்படுகிறார். முன்பணம் 4 லட்சம், மாதம் 24,000. வீட்டை இல்லத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டால் கடைசிவரை பார்த்துக்கொள்வார்கள் என்பது அம்மாவின் எண்ணம். இல்லையென்றால் விற்றுப் பணமாக வைத்துக்கொள்ளலாம் என்கிறார். சேவை செய்ய வந்தவர்கள் இவ்வளவு பணம் கேட்கலாமா என்று தம்பிக்குக் கோபம். நாங்கள் என்ன செய்வது?

பதில்: அம்மா தாராளமாக இல்லத்தில் சேரட்டும். வீட்டை இப்போது விற்கவும் வேண்டாம், எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். அவருடைய ஓய்வூதியமும் சேமிப்புமே இதற்குப் போதும்.

முதலில் தம்பியின் கோபத்துக்கு வருகிறேன். இலவசமாகப் பார்த்துக்கொள்ளும் துறவற சபைகள் உண்டு. 1839-இல் பிரான்சில் ழான் ஜூகான் என்ற பெண்மணி பார்வையிழந்த ஒரு மூதாட்டிக்குத் தன் படுக்கையையே கொடுத்ததில் தொடங்கியது ‘லிட்டில் சிஸ்டர்ஸ் ஆஃப் த புவர்’ சபை. 1882-இல் அவர்கள் கொல்கத்தாவுக்கு வந்தார்கள். இன்றும் வீடு வீடாக, கடை கடையாகக் கேட்டு வாங்கித்தான் முதியோரைப் பராமரிக்கிறார்கள். ஆனால் அங்குள்ள கட்டில்கள் யாருமற்ற ஏழைகளுக்கானவை. 34,000 ஓய்வூதியம் வாங்கும் ஒருவர் அதில் ஒன்றைக் கேட்பது நியாயமாகாது. கட்டண இல்லத்தில் சிஸ்டர்கள் சம்பளம் வாங்காமல் உழைத்தாலும் சமையல்காரர், இரவு நர்ஸ், மின்கட்டணம், ஜெனரேட்டர் டீசல் என்று எல்லாவற்றுக்கும் மாதாமாதம் பணம் வேண்டும். 24,000 கேட்பதில் தவறே இல்லை.

கணக்குப் போடும்போது பலர் சறுக்கும் இடம் வேறு. இன்று கைத்தடியோடு திருப்பலிக்கு நடந்து போகும் அம்மாவை மனதில் வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம். படுக்கையில் விழுந்துவிட்ட அம்மாவுக்குப் போட வேண்டும். நீங்கள் படம் எடுத்து அனுப்பிய கட்டண அட்டையில் கடைசி வரியைப் பாருங்கள்: “தனி உதவியாளர் தேவைப்பட்டால் கூடுதலாக மாதம் 12,000.” அதற்குக் கீழே சின்ன எழுத்தில், “தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ள முடியாத நிலையில் நிர்வாகத்தின் முடிவே இறுதியானது” என்று இருக்கிறது. நீங்கள் சிஸ்டரிடம் உட்கார்ந்து பேச வேண்டியது இந்த ஒரு வரியைப் பற்றித்தான். நடக்க முடியாமல் போனால், மறதி நோய் வந்தால் வைத்துக்கொள்வீர்களா, வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்வீர்களா? பெரும்பாலான இல்லங்கள் ஓரளவுக்கு உதவி தேவைப்படுகிறவர்களுக்கானவை. படுத்த படுக்கையானவர்களுக்கு வேண்டிய ஆள் பலம் அங்கே இருக்காது. அதை ஒளிக்காமல் சொல்லும் சிஸ்டரை நான் நம்புவேன். பதில் எதுவானாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். 18 லட்சத்தில் முன்பணம் 4 போக 14 மிஞ்சும். 3 லட்சத்தைச் சேமிப்புக் கணக்கிலும் குறுகிய கால வைப்பிலும் அவசரத்துக்கு வைத்துவிடுங்கள். மீதி 11 லட்சத்தை, இருக்கிற வைப்புகள் முதிர முதிர, அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். இப்போதைய வட்டி 8.2 சதவீதம், கணக்கு தொடங்கும்போது உள்ள வட்டி 5 வருடத்துக்கு மாறாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 22,550 வரும், மாதத்துக்கு ஏறக்குறைய 7,500. ஓய்வூதியம், வாடகை எல்லாம் சேர்த்தால் மாதம் 50,500. அம்மா இன்றே படுக்கையில் விழுந்தாலும் கட்டணம், உதவியாளர், மருந்து, டயப்பர், பிசியோதெரபி என்று 45,000-க்குள் அடங்கிவிடும்.

ஐந்து வருடம் கழித்து? செலவு ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் அந்த 45,000 என்பது 66,000 ஆகியிருக்கும். அகவிலைப்படியால் ஓய்வூதியம் ஆண்டுக்கு 5 சதவீதம் கூடும் என்று வைத்தால் 43,000-ஐத் தாண்டும். 80 வயது நிறைந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். அது தானாக வராவிட்டால் கருவூலத்தில் கேளுங்கள். வட்டி அதே 7,500, வாடகை கொஞ்சம் ஏறியிருக்கும். பற்றாக்குறை வந்தாலும் சில ஆயிரங்கள்தான், நீங்களும் தம்பியும் பகிர்ந்துகொள்ளலாம். வருமான வரி பற்றிக் கவலை வேண்டாம். புதிய வரி முறையில் இந்த வருமானத்துக்கு வரி இல்லை. வட்டியில் வரி பிடிக்காமல் இருக்க, வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்ற உறுதிமொழிப் படிவத்தை மட்டும் ஒவ்வொரு ஏப்ரலிலும் கொடுத்துவிடுங்கள்.

இனி வீடு. இது அம்மா ஒருவருடைய வீடு அல்ல. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கணவர் உயிலின்றி இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மீதி இரண்டு பங்கு. மகன், மகள் வித்தியாசம் இல்லை. ஆக உங்கள் மூவருக்கும் சமபங்கு. அம்மா தனியாக முழு வீட்டையும் யாருக்கும் எழுதிவைக்க முடியாது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவையும் வீட்டு வரியையும் மூவர் பெயருக்கும் மாற்றும் வேலையைத் தம்பி அடுத்த விடுமுறையில் வரும்போதே முடித்துவிடுங்கள். வாடகையிலும் உங்கள் இருவருக்கும் பங்குண்டு; அதை அம்மாவுக்கே விட்டுக்கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தன் பங்கை இல்லத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற அம்மாவின் ஆசையை நான் மதிக்கிறேன். அதற்குச் சரியான வழி உயில்தான், தானப் பத்திரம் அல்ல. உயிலை அவர் நினைத்தபோது மாற்றலாம்; இல்லத்தோடு ஒத்துப்போகாவிட்டால் கிழித்தும் போடலாம். பதிவான தானப் பத்திரத்தை அப்படி ரத்து செய்ய முடியாது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் திரும்பப் பெற 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனாலும் 80 வயதில் அம்மா அந்த மனுவோடு ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்தில் போய் உட்கார வேண்டுமா? அறப்பணிக்கு உயில் எழுத கிறிஸ்தவர்களுக்கு முன்பு ஒரு தடை இருந்தது: நெருங்கிய உறவினர் இருந்தால், உயில் எழுதியவர் அதன்பின் ஒரு வருடமாவது உயிரோடு இருந்திருக்க வேண்டும். கேரளத்தைச் சேர்ந்த ஜான் வள்ளமற்றம் என்ற கத்தோலிக்க குரு தொடுத்த வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்று அறிவித்துவிட்டது. ஆகவே சட்டம் குறுக்கே நிற்காது. சாட்சிக் கையெழுத்துக்கு மட்டும் இல்லத்தைச் சேர்ந்தவர்கள் வேண்டாம். பழைய சக ஆசிரியைகள் இருவரைக் கூப்பிடுங்கள்.

நான்கு லட்சத்துக்கு வாங்கும் ரசீதில், அம்மா விலகினாலோ இறந்தாலோ எவ்வளவு, எத்தனை நாளில், யாரிடம் திருப்பித் தருவார்கள் என்று இருக்க வேண்டும். நன்கொடை என்று எழுதியிருந்தால் அது திரும்பி வராது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் யார் கூடவே இருப்பது, முன்பணம் யார் கட்டுவது என்பதையும் கேட்டுவிடுங்கள். ஓய்வூதியர் காப்பீட்டு அட்டையின் நகல் ஒன்று சிஸ்டரிடம் இருக்கட்டும். ஓய்வூதியர் உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் வருடாந்திர நேர்காணலை மறந்தால் ஓய்வூதியம் நின்றுவிடும், அந்தப் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், தூத்துக்குடியில் உங்கள் தேவாலயத்துக்கான கோயில் வரியைத் தொடர்ந்து கட்டுங்கள். அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில்தான் தனக்கும் இடம் வேண்டும் என்று அம்மா சொல்வதாக எழுதியிருந்தீர்களே, அதற்காக.

முன்பணம் கட்டும் முன் ஒரு மாதம் விருந்தினராகத் தங்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். இரவில் எழுப்பினால் ஆள் வருகிறதா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, பக்கத்து அறையில் பேச ஆள் இருக்கிறதா என்பதையெல்லாம் அம்மாவே பார்த்துச் சொல்லட்டும். அவர் சரி என்று சொல்லும்வரை வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பார்க்க வேண்டாம்.