பிடிஎஃப் இன்வாய்ஸுக்குள் இருக்கும் எக்ஸ்எம்எல்: எதை நம்புவது, எதைப் பாதுகாப்பது?

கேள்வி: ஜெர்மனியில் சிறு நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். சப்ளையர்கள் அனுப்பும் பிடிஎஃப் இன்வாய்ஸ்களை அச்சிட்டுக் கோப்பில் வைத்துவிடுகிறோம். அண்மையில் வந்த ஒன்றில், பக்கத்தில் தெரியும் தொகையும் உள்ளே இணைந்திருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பின் (மென்பொருள் படிக்கும் தரவுக் கோப்பு) தொகையும் வேறுபடுகின்றன. எது செல்லும்? அச்சுப்படி போதாதா?

பதில்: எக்ஸ்எம்எல்தான் செல்லும், அச்சுப்படி போதாது. உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும், பிடிஎஃப்பும் எக்ஸ்எம்எல்லும் சேர்ந்த சுக்ஃபெர்ட் வகை இன்வாய்ஸாக இருக்கும். பிரான்சில் இதையே ஃபாக்டுர்-எக்ஸ் என்கிறார்கள். எந்த வகைக் கோப்பையும் தன்னுள் இணைத்துக்கொள்ள இடம் தரும் பிடிஎஃப்/ஏ-3 தரநிலை 2012இல் வெளியானது. அதன் துணையோடுதான் மனிதர் படிக்கும் பக்கமும் கணக்கு மென்பொருள் படிக்கும் தரவும் ஒரே கோப்பில் பயணிக்கின்றன. இவ்விரண்டும் முரண்பட்டால் தரவுப் பகுதியே முதன்மையானது என்று ஜெர்மன் நிதி அமைச்சகம் 2024 அக்டோபர் 15ஆம் தேதியிட்ட சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே, பக்கத்தைப் பார்த்துப் பணம் செலுத்தி, உள்ளீட்டு வரிக் கழிவும் (வாங்கும்போது செலுத்திய மதிப்புக் கூட்டு வரியைக் கழித்துக்கொள்வது) கோரிவிடாதீர்கள்; திருத்திய மின்னணு இன்வாய்ஸைக் கேட்டு வாங்குங்கள்.

இணைப்பு இருந்தாலே போதும் என்றும் எண்ண வேண்டாம். சுக்ஃபெர்ட்டின் மினிமம், பேசிக் டபிள்யூஎல் ஆகிய இரு வடிவங்களிலும் பொருள்வாரி விவரம் இருக்காது என்பதால், ஜெர்மன் வரிச் சட்டம் அவற்றை மின்னணு இன்வாய்ஸாக ஏற்பதில்லை. ஐரோப்பியத் தரநிலையான இஎன் 16931இன்படி அமைந்த தரவே தேவை. பிடிஎஃப் ரீடரின் இணைப்புப் பலகத்தில் ஃபாக்டுர்-எக்ஸ் என்ற பெயருள்ள எக்ஸ்எம்எல் கோப்பைக் காணலாம்; வெறும் கண்ணால் படிப்பதைவிட, மஸ்டாங் போன்ற திறமூலக் கருவியில் சரிபார்ப்பதே நல்லது.

இதில் பலர் சறுக்குவது சேமிப்பில்தான். பிடிஎஃப்பை அச்சுக் கட்டளை வழியே மீண்டும் பிடிஎஃப்பாகச் சேமித்தால், பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் எக்ஸ்எம்எல் உதிர்ந்துபோயிருக்கும், அதாவது சட்டம் கேட்கும் ஆவணமே உங்களிடம் இருக்காது. மின்னஞ்சலில் வந்த கோப்பை வந்தபடியே, மாற்றம் செய்ய இயலாத சேமிப்பகத்தில் வைத்திருங்கள். இன்வாய்ஸ்களைப் பாதுகாக்க வேண்டிய காலம் 2025 முதல் 10 ஆண்டுகளிலிருந்து 8 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டுள்ளது.

உள்நாட்டு நிறுவனங்களிடமிருந்து மின்னணு இன்வாய்ஸைப் பெறும் வசதி 2025 ஜனவரி 1 முதலே உங்களுக்குக் கட்டாயம். அதற்குச் சாதாரண மின்னஞ்சல் பெட்டியே போதும். அனுப்புவதற்கு மட்டும் சலுகைக் காலம் உண்டு: 2026 இறுதி வரை அனைவருக்கும், முந்தைய ஆண்டின் விற்றுமுதல் 8 லட்சம் யூரோவைத் தாண்டாத நிறுவனங்களுக்கு 2027 இறுதி வரையும். 250 யூரோவுக்கு மேற்படாத சிறு தொகை இன்வாய்ஸ்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை.